ஒரு காலிக் கட்டமும் ஏழு வங்கிக் கணக்குகளும்

நெல்லைப் பக்கம் கல்வி உதவித்தொகை கொடுக்கிற சின்ன அறக்கட்டளை ஒன்றுக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியும் உளுந்த வடையும் உண்டு. பள்ளிகள் அனுப்பும் மாணவர் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து, வங்கி கேட்கிற வடிவத்தில் ஒரே கோப்பாக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. 2021-ல் அதைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் செய்யத் தொடங்கினேன். முதல் ஆண்டு எந்தக் குறையும் இல்லை. இரண்டாம் ஆண்டு, பணம் போன நான்காம் நாள் செயலாளர் அண்ணாச்சி போன் செய்தார்.

"தம்பி, ஏழு பேருக்குப் பணம் திரும்பி வந்திருக்கு. அக்கவுண்ட் நம்பரே இல்லைங்கான். என்னன்னு பாருப்பா."

நிரல் அதே நிரல். போன ஆண்டு ஓடியது. பெரிதாக எதையும் மாற்றவில்லை. அதனால் பள்ளிக்காரர்கள் தப்பாகத் தட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படித்தானே எல்லோரும் நினைப்போம்.

திரும்பி வந்ததோடு போயிற்றே என்று இப்போது நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது. மின்னணுப் பணமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பெயர் பொருந்துகிறதா என்று யாரும் பார்த்தாக வேண்டியதில்லை. என் கோப்பிலிருந்த தவறான எண் தற்செயலாக வேறொருவருடைய கணக்காக இருந்திருந்தால், பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். எங்களுக்குத் தகவலும் வந்திருக்காது.

தடயம்

ஏழு பேரின் வங்கிப் புத்தக நகல்களையும் வரவழைத்து, நான் அனுப்பிய எண்களோடு ஒப்பிட்டேன். ஏழு பேருக்கும் ஒரே வங்கி. கணக்கு எண்ணில் 16 இலக்கங்கள், எல்லாமே 9-ல் தொடங்குபவை. முதல் 15 இலக்கங்கள் சரி. கடைசி இலக்கத்தில்தான் கோளாறு.

எக்செல் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் சட்டென்று ஒன்று தோன்றும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அதையே சிஎஸ்வியாக, அதாவது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, சேமித்தால் நிலைமை இன்னும் மோசம்: திரையில் தெரிகிற "1.23457இ+15" என்ற சுருக்கமே கோப்பில் போய் விழும், பாதிக்கு மேற்பட்ட இலக்கங்கள் ஒரேயடியாகக் காணாமல் போகும். எனக்கும் அதுதான் தோன்றியது. அண்ணாச்சியிடம், "எக்செல் செய்த வேலை அண்ணாச்சி" என்று சொல்லியும் விட்டேன்.

ஆனால் அது பொருந்தவில்லை. எக்செல் செய்திருந்தால் ஏழு எண்ணும் பூஜ்யத்தில் முடிந்திருக்க வேண்டும். இங்கே சிலவற்றில் ஒன்று கூடியிருந்தது, சிலவற்றில் ஒன்று குறைந்திருந்தது. 9123456789012345 என்று இருந்திருந்தால் 9123456789012344 ஆகியிருக்கிறது. கடைசி 7 என்றால் 8 ஆகியிருக்கிறது. (இவை நான் இட்டுக்கட்டிய எண்கள், மாணவர்களுடையவை அல்ல.) தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. சரியான எண்கள் ஏழும் ஒற்றைப்படை. நான் அனுப்பியவை ஏழும் இரட்டைப்படை. அதே வங்கியில் கணக்கு வைத்திருந்த மற்ற பிள்ளைகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்கள் எண்கள் இயல்பிலேயே இரட்டைப்படையில் முடிந்தன.

தட்டச்சுப் பிழை இப்படி ஒழுங்காக வராது. இது இயந்திரத்தின் வேலை. பள்ளி அனுப்பிய மூலக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். எண்கள் அத்தனையும் சரியாக இருந்தன. பள்ளியும் தப்பில்லை, எக்செலும் தப்பில்லை. இரண்டுக்கும் நடுவில் என் நிரல்தான் இருந்தது.

எப்படி அங்கே வந்து சேர்ந்தேன்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் இந்த வேலையைக் கற்ற வரிசையில்தான் பிழையும் ஒளிந்திருந்தது.

சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த மதிப்புகள், அவ்வளவுதானே என்று நினைத்து, முதலில் ஒவ்வொரு வரியையும் காற்புள்ளியில் வெட்டினேன். நிரலகம், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, எதற்கு? பைத்தானில் "ஸ்ப்ளிட்" என்ற ஒரு சொல் போதும். முதல் பள்ளியின் பட்டியல் அழகாகப் பிரிந்தது. இரண்டாவதில் முகவரி வந்தது. "12/4, மேலத் தெரு, பாளையங்கோட்டை" என்பது மூன்று துண்டாகி, வங்கிக் கிளை இருக்க வேண்டிய இடத்தில் பாளையங்கோட்டை வந்து நின்றது.

மூன்றாவது பள்ளியில் இன்னும் வேடிக்கை. அங்கே பெயர்களைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தார்கள். யூனிகோட் பரவுவதற்கு முன்பிருந்து புழங்கும் எழுத்துரு; கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துருவைப் போட்டால் தமிழாகத் தெரியும். அதில் "இ" எழுத வேண்டுமானால் காற்புள்ளி விசையைத் தட்ட வேண்டும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. ஆகவே இளங்கோ, இசக்கி, இந்திரா என்று யார் யார் பெயர் இகரத்தில் தொடங்கியதோ அவர்கள் எல்லோருடைய வரியும் ஒரு கட்டம் தள்ளி நின்றது. திருநெல்வேலி மாவட்டத்துப் பள்ளியில் எத்தனை இசக்கி இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம்தான் பைத்தானோடு கூடவே வரும் "சிஎஸ்வி" நிரலகத்துக்கு வந்தேன். அது 2003-ல் பைத்தான் 2.3-உடன் வந்தது. சிஎஸ்வி இப்படித்தான் இருக்கும் என்று விவரிக்கும் ஆர்எஃப்சி 4180 ஆவணம் வெளியானதோ 2005-ல். காற்புள்ளியிட்ட தரவு 1972-லேயே ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் நிரல்பெயர்ப்பியில் புழக்கத்தில் இருந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆளுக்கொரு வழக்கமாக எழுதிக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பிறகு வந்த ஆவணம் அது. அதுவும் தகவலுக்காக எழுதப்பட்டதே தவிர கட்டாயத் தரம் அல்ல. கண்ணில் படுகிற கோப்பெல்லாம் அதன்படி இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

காற்புள்ளி உள்ள மதிப்பு இரட்டை மேற்கோளுக்குள் வரும், மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் இரண்டு முறை எழுதப்படும், மேற்கோளுக்குள் வரிமுறிவுகூட வரலாம். இந்த மூன்றும் நிரலகத்துக்குத் தெரியும். இசக்கிகளின் பெயர்களை எக்செல் மேற்கோளுக்குள்தான் வைத்திருந்தது. நான்தான் அதைக் கவனிக்காமல் வெட்டியிருக்கிறேன். நிரலகம் ஒரே தட்டில் சரியாகப் பிரித்துக் கொடுத்தது. எழுத்துருவை யூனிகோடாக்க ஓப்பன்-தமிழ் என்ற நிரலகத்தில் பாமினிக்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. பிரித்த பிறகுதான் அதைக் கூப்பிட வேண்டும். பிரிக்கும் முன் கூப்பிட்டால் கோப்பின் காற்புள்ளிகள் எல்லாம் "இ" ஆகிவிடும். இதை நான் செய்து பார்த்தே தெரிந்துகொண்டேன். பிரிப்பான் எது என்பதைத் தானே ஊகிக்கும் வசதியும் இந்த நிரலகத்தில் உண்டு. வரிக்கு வரி அரைப்புள்ளி மண்டிக்கிடக்கும் பாமினிக் கோப்பை அதனிடம் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

வரிமுறிவு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கோப்பில் எத்தனை வரி என்பதும் எத்தனை பதிவு என்பதும் ஒன்றல்ல. எக்செலில் ஒரே கட்டத்துக்குள் ஆல்ட்-என்டர் அடித்து முகவரியை மூன்று வரியாக எழுதுகிறவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். கோப்பைத் திறக்கும்போது "நியூலைன்" என்ற அளபுருவுக்கு (நாம் நிரப்பித் தரும் அமைப்புக்கு) வெற்று மதிப்புக் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். வரிமுறிவைப் பைத்தான் தன் போக்கில் மாற்றாமல் நிரலகத்திடமே விட்டுவிடும். எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. ஒரு கட்டம் மேற்கோள் குறியில் தொடங்கி, அது மூடப்படவே இல்லை என்றால், அடுத்த மேற்கோள் குறி கண்ணில் படும் வரை வருகிற வரிகள் அத்தனையும் அந்த ஒரே கட்டத்துக்குள் போய்விடும். ஒரு பள்ளியில் கையாலேயே தட்டிய கோப்பு அப்படி ஒரு வகுப்பையே விழுங்கியது. நிரலகம் முனகவே இல்லை. தலைமையாசிரியரின் கடிதத்தில் மாணவர் எண்ணிக்கை எழுதியிருந்ததால் பிழைத்தோம்.

எழுத்துக் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைக் கணினி கோப்பில் எழுதி வைக்கும் முறையை, பற்றி ஒரு வார்த்தை. எக்செலில் வெறும் "சிஎஸ்வி" என்று சேமித்தால் யூனிகோட் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். அதை எந்த நிரலகத்தாலும் மீட்க முடியாது, பள்ளியிடம்தான் திரும்பக் கேட்க வேண்டும். "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று சேமித்தால் தமிழ் பிழைக்கும், ஆனால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று சேரும். அது முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். திரையில் "பெயர்" என்றே தெரியும், நிரலோ "பெயர்" என்று ஒரு நெடுவரிசையே இல்லை என்று அடம்பிடிக்கும். "யூடிஎஃப்-8-சிக்" என்ற குறியாக்கத்தில் திறந்தால் சரியாகிவிடும். குறியாக்கப் பிழை வந்தால் "லத்தீன்-1" போடு என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. அதில் பிழையே வராது, உண்மைதான். எந்த பைட்டையும் அது ஏதோ ஒரு எழுத்தாக ஏற்றுக்கொள்ளும். அதனாலேயே அது ஆபத்து.

இந்த நிலையில் என் நிரல் சரியாகவே இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "சிஎஸ்வி" நிரலகம் எல்லாவற்றையும் சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, கொடுக்கும். எண் போலத் தெரிந்தாலும் எண்ணாக மாற்றாது. அப்போது அது எனக்குக் குறையாகத் தெரிந்தது. தொகையைக் கூட்டுவதற்கு நானே ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் சலிப்பில்தான் பாண்டாஸுக்குத் தாவினேன்.

பாண்டாஸ் சுகமானது

வெஸ் மெக்கின்னி 2008-ல் எழுதத் தொடங்கிய நிரலகம் பாண்டாஸ். "ரீட் சிஎஸ்வி" என்று ஒரே வரி எழுதினால் முழுக் கோப்பும் அட்டவணையாக வந்து நிற்கும். தொகையைக் கூட்டலாம், பள்ளிவாரியாகப் பிரிக்கலாம், வடிகட்டலாம். எண்களை எண்களாகவே தரும். ஒரு மாலைப் பொழுதில் என் நூற்றுச்சொச்ச வரி நிரல் பதினைந்து வரியானது. பழைய நிரலைத் தூக்கிப் போட்டேன்.

கோப்பைப் படிப்பது என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. பைட்டுகளை எழுத்துகளாக்குவது ஒன்று. எழுத்துகளைக் கட்டங்களாகப் பிரிப்பது ஒன்று. ஒவ்வொரு கட்டமும் எண்ணா, தேதியா, காலியா என்று முடிவு செய்வது மூன்றாவது. முதல் இரண்டையும் நாமே செய்வது முட்டாள்தனம். இசக்கிகளைக் கேட்டால் சொல்வார்கள். மூன்றாவது அப்படியல்ல. கோப்பில் அதற்கான விடை இல்லை. 16 இலக்கங்கள் வரிசையாக இருக்கின்றன என்பதுதான் கோப்புக்குத் தெரியும். அது கூட்டிக் கழிக்கிற எண்ணா, பெயர் மாதிரி ஓர் அடையாளமா என்பது அறக்கட்டளைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நிரலகத்துக்குத் தெரியாது. தெரியாததால் ஊகிக்கிறது.

ஊகம் எங்கெல்லாம் கொண்டுபோய் விடும் என்பதற்கு மரபணு ஆய்வாளர்களின் அனுபவம் நல்ல உதாரணம். செப்டின் குடும்பத்து மரபணு ஒன்றின் சுருக்கப் பெயரை எக்செல் செப்டம்பர் மாதத் தேதியாக எடுத்துக்கொண்டது. மார்ச் என்று தொடங்கும் மரபணுக்கள் மார்ச் மாதத் தேதிகளாயின. எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருந்ததை 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-ல் மரபணுக்களுக்கே பெயரை மாற்றினார்கள். மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதியை 2023-ல்தான் கொண்டுவந்தது. மென்பொருளுக்காக உயிரியல் வளைந்துகொடுத்தது என்பது எனக்கு இன்னமும் ஜீரணமாகவில்லை.

முதல் ஆண்டு என் கணக்கு எண்களைப் பாண்டாஸ் முழு எண்களாக ஊகித்தது. 64 பிட் முழு எண்ணில் 18 இலக்கம் தாராளமாக அடங்கும். அதனால் எதுவும் தொலையவில்லை. பிழைப்பு ஓடியது. சரியாகச் செய்கிறேன் என்ற நினைப்பும் எனக்கு வந்துவிட்டது.

அந்த ஒரு பிள்ளை

இரண்டாம் ஆண்டு, பட்டியல் அனுப்பிய பள்ளி ஒன்றில் ஒரு மாணவிக்கு இன்னும் வங்கிக் கணக்கு தொடங்கவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். நேர்மையான செயல். தப்பே சொல்ல முடியாது.

பாண்டாஸ் நம்பை என்ற நிரலகத்தின் மேல் கட்டப்பட்டது. நம்பையின் முழு எண் வகையில் "மதிப்பு இல்லை" என்று குறிக்க இடமே கிடையாது. மிதவைப் புள்ளி எண்ணில், அதாவது தசமப் புள்ளியோடு வைக்கப்படும் எண்ணில், மட்டும் "நான்" என்ற ஒரு குறி உண்டு. "எண் அல்ல" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். (தமிழில் எழுதும்போது இது வேறு வம்பு.) ஆகவே ஒரு நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலி என்றாலும் பாண்டாஸ் இயல்பாக அந்த நெடுவரிசை முழுவதையும் மிதவைப் புள்ளி எண்ணாக்கிவிடும். அதோடு நிற்கவில்லை. நான் பள்ளிகளின் கோப்புகளைத் தனித்தனியாகப் படித்து, பிறகு ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினேன். ஒரு பட்டியலில் மிதவை, மற்றவற்றில் முழு எண் என்றால், ஒட்டிய பின் எல்லாமே மிதவை.

64 பிட் மிதவை எண்ணில் இலக்கங்களுக்குக் கிடைக்கும் துல்லியம் 53 பிட். 2-இன் 53-ஆம் அடுக்கு 9007199254740992. அதுவரை உள்ள ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகில்லாமல் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே இரண்டிரண்டாகத்தான் போக முடியும்; ஒற்றைப்படை எண்ணுக்கு இருக்கை இல்லை, பக்கத்து இரட்டைப்படையில் போய் உட்காரும். 9-ல் தொடங்கும் 16 இலக்க எண் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டித்தான் இருக்கும். ஒற்றைப்படை, இரட்டைப்படை, ஒரே வங்கி, கூடுதலும் குறைவும் என்று எல்லாத் தடயமும் அங்கே வந்து முடிந்தது.

வேறு ஏதோ ஒரு பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கணக்கு இல்லை. அதனால் முகம் தெரியாத ஏழு பிள்ளைகளின் கணக்கு எண் மாறிவிட்டது. இதைக் கண்டுபிடித்த இரவு சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

சிஎஸ்விக்கு மட்டும் உரிய சங்கடம் இல்லை இது. மென்பொருள்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் எண்ணும் சரமும் வேறு வேறாக எழுதப்படும், ஊகத்துக்கே வேலை இல்லை என்று நினைப்போம். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் எண் என்றால் இதே 64 பிட் மிதவைதான். ட்விட்டரின் பதிவு எண்கள் பெரிதாகி இந்த 53 பிட் எல்லையைத் தாண்டவிருந்தபோது, 2010-ல் அவர்கள் ஒவ்வொரு எண்ணையும் எண்ணாக ஒரு முறை, சரமாக ஒரு முறை என்று இரண்டு தடவை அனுப்பத் தொடங்கினார்கள். பைத்தானின் ஜேசன் நிரலகத்தில் முழு எண்ணுக்கு எல்லை இல்லை. ஆனால் அடுத்த முனையில் யார் படிப்பார்கள் என்பது அனுப்புகிறவருக்குத் தெரியாதே.

என் பங்கு

இவ்வளவையும் நிரலகத்தின் தலையில் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. பாண்டாஸ் எனக்கு இரண்டு முறை சொன்னது.

முதல் முறை, அட்டவணையை அச்சிட்டுப் பார்த்தபோது கணக்கு எண்கள் "இ+15" என்று முடியும் அந்த அடுக்குக் குறியீட்டில் தெரிந்தன. "காட்டும்போது சுருக்கிக் காட்டுகிறது, உள்ளே சரியாகத்தான் இருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் முறை, அவற்றை முழு எண்ணாக மாற்றப் போனபோது, காலி மதிப்பை முழு எண்ணாக்க முடியாது என்று பிழைச்செய்தி கொடுத்து நின்றே விட்டது. நான் செய்தது என்ன? காலிக் கட்டங்களில் பூஜ்யத்தைப் போட்டு நிரப்பினேன். பிறகு மாற்றினேன். மாறியது. கணக்கு எண் பூஜ்யமாக இருந்த மாணவியைத் தனியே எடுத்து வைத்தேன். கோப்பு அழகாக இருந்தது. காய்ச்சல் காட்டிய வெப்பமானியை உதறிவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொன்ன கதைதான்.

பிழைச்செய்தி வந்தால் அதை வாயடைப்பதுதான் தொடக்கக்காரரின் முதல் அனிச்சைச் செயல் என்று இப்போது தோன்றுகிறது. தேடினால் வாயடைக்கும் வழி ஒரு நிமிடத்தில் கிடைக்கும். ஏன் வந்தது என்பது அப்படிக் கிடைப்பதில்லை.

திருத்தம் ஒரே வரி. "ரீட் சிஎஸ்வி" எழுதும்போது "டி-டைப்" என்ற அளபுருவுக்குச் சரம் என்று கொடுத்து, எல்லா நெடுவரிசையையும் சரமாகவே படிக்கச் சொன்னேன். அதாவது, சலிப்போடு தூக்கிப் போட்ட பழைய நிரலகம் எதைச் செய்ததோ அதையே இதனிடமும் கேட்டேன். தொகையை மட்டும் பின்னால் நானே எண்ணாக மாற்றினேன். காலி மதிப்பைத் தாங்கும் முழு எண் வகை ஒன்று 2019-லிருந்து பாண்டாஸிலேயே இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரிதான். ஆனால் கணக்கு எண்ணை யாரும் கூட்டிப் பெருக்கப் போவதில்லை. அதை எண்ணாக வைத்துக்கொள்ளவே காரணம் இல்லை என்பது என் கட்சி. ஆதார், கைப்பேசி, அஞ்சல் குறியீடு, சேர்க்கை எண் எல்லாம் இதே சாதி.

சரமாகப் படித்தும் தீராத ஒன்று இருந்தது, அதைத் தற்செயலாகத்தான் பிடித்தோம். நாம் முதலெழுத்தைத் தனிக் கட்டத்தில் எழுதுகிறவர்கள். அப்பா பெயருக்கும் ஊருக்குமாக ஆங்கிலத்தில் "என்", "ஏ" என்ற இரண்டு எழுத்துகளை முதலெழுத்தாகக் கொண்ட பையன் ஒருவன் பட்டியலில் இருந்தான். அந்த இரண்டெழுத்தைப் பாண்டாஸ் "பொருந்தாது" என்பதன் சுருக்கமாக எடுத்துக்கொண்டு காலி என்று தீர்ப்பளித்தது. வங்கிக் கோப்பில் அவன் பெயருக்கு முன் "நான்" என்று ஆங்கிலத்தில் வந்து விழுந்தது. காலி என்று தானாக எடுத்துக்கொள்ளும் சொற்பட்டியலை நிறுத்த "கீப் டிஃபால்ட் என்ஏ" என்ற அளபுருவை அணைக்க வேண்டும். அணைத்தால் காலிக் கட்டம் வெற்றுச் சரமாகவே வரும். பையனும் தன் முதலெழுத்தைத் திரும்பப் பெற்றான்.

தேதிகளில் எனக்கு அடி விழவில்லை, விழுந்திருக்கலாம். 03/04/2008 என்பது நமக்கு ஏப்ரல் மாதம், பாண்டாஸின் இயல்பான புரிதலில் மார்ச் மாதம். பிறந்த தேதியையும் சரமாகப் படித்து, நாள் முதலில் என்று வடிவத்தை எழுதிக் கொடுத்து மாற்றுகிறேன்.

இப்போது நடப்பது

கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தணிக்கையில் "ஹாஷ் டோட்டல்" என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். கூட்டினால் எந்தப் பொருளும் தராத எண்களை, கணக்கு எண்களையே எடுத்துக்கொள்ளலாம், வேண்டுமென்றே கூட்டி வைப்பது. உள்ளே போகும்போது ஒரு கூட்டல், வெளியே வரும்போது ஒரு கூட்டல். இரண்டும் ஒத்தால் வழியில் எந்த எண்ணும் மாறவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். துளை அட்டைக் காலத்து உத்தி. கல்லூரியில் படித்தேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். நிரல் எழுத உட்கார்ந்தபோது மட்டும் மறந்துபோனேன். இப்போது மூலக் கோப்பைப் பைத்தானின் எளிய "சிஎஸ்வி" நிரலகத்தால் ஒரு முறை படித்துக் கூட்டுகிறேன்; வங்கிக்குப் போகும் கோப்பை இன்னொரு முறை படித்துக் கூட்டுகிறேன். பைத்தானின் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லாததால் கூட்டலில் பிசகு வராது.

எண்ணிக்கையும் பார்க்கிறேன். இது சின்ன விஷயமாகத் தோன்றினால், 2020 இங்கிலாந்தில் நடந்ததை நினைத்துக்கொள்வேன். கொரோனா பரிசோதனை முடிவுகள் ஆய்வகங்களிலிருந்து சிஎஸ்வியாக வந்தன. அவற்றைப் பழைய எக்செல் வடிவத்துக்குள் ஏற்றினார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையில் 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. எத்தனை உள்ளே போயிற்று, எத்தனை வெளியே வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மூன்றாவதாக, ஐஎஃப்எஸ்சி குறியீடு. அதில் 11 எழுத்துகள். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறு கிளைக்கு உரியவை. ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில "ஓ" எழுத்தைத் தட்டுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இதைச் சரிபார்க்க ஒரு வரி போதும், ஆனால் குறியீடு சரமாக இருந்தால்தான் ஐந்தாவது எழுத்து என்று கேட்க முடியும்.

பள்ளிகளுக்கு ஒரு வெற்றுப் படிவம் அனுப்பத் தொடங்கினோம். எண் நெடுவரிசைகளை எக்செலில் முன்கூட்டியே "டெக்ஸ்ட்" என்று அமைத்து வைத்திருக்கிறோம். எக்செலின் சொந்தக் கோப்பையே பாண்டாஸில் படிக்கலாம், சரம் என்றும் சொல்லலாம். ஆனால் தட்டிய நேரத்திலேயே கட்டம் எண்ணாக மாறியிருந்தால் 16-ஆம் இலக்கம் அப்போதே போயிருக்கும், படிக்கும்போது சரமாக்கிப் பயனில்லை. அதனால்தான் படிவம். வந்த கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்து, "சும்மா பார்த்துவிட்டு" சேமித்து மூடக் கூடாது என்று அறக்கட்டளை அலுவலகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அண்ணாச்சிக்காகத்தான் அது. அவருக்கும் தெரியும்.

ஏழு பேருக்கும் அடுத்த வாரமே பணம் போய்விட்டது. கணக்கு இல்லாதிருந்த மாணவிக்குப் பள்ளியே அஞ்சலகத்தில் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தது.

போன மாதம் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றிலிருந்து பட்டியல் வந்தது. கையால் எழுதி, கைப்பேசியில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். இதைப் படிக்க என்ன நிரலகம் போடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எக்செலில் தட்டத் தொடங்கிவிட்டார். எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கணக்கு எண்ணுக்கும் முன்னால் ஒற்றை மேற்கோள் ஒன்றைத் தட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் எண்ணைத் தட்டினார். அதைப் போட்டால் எக்செல் எண்ணைத் தொடாது.

"யாரு அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தா?" என்றேன்.

"நீதான் செவுத்துல ஒட்டியிருக்கியே, அதுக்குக் கீழ என் பேத்தி எழுதி வச்சிருக்கா" என்றார்.